நிவேதாவின் வக்கீல்

தூத்துக்குடியில் விக்டர் என்று கேட்டால் பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. ஆனால் ‘நிவேதா நியூஸ்’ என்று சீரியலுக்காக இணையப் பக்கம் நடத்தும் விக்டர் என்றால் மலேசியாவில் ஆள் எழுந்து நிற்குமாம். இதுவும் அவரே சொல்வதுதான். நாலாயிரம் வாசகர்களை வைத்துக்கொண்டு என்ன அலட்டல்! பகலில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் குமாஸ்தா. கன்டெய்னர் நம்பரைத் தப்பாக அடித்துவிட்டு மேனேஜரிடம் மாதம் தவறாமல் வாங்கிக் கட்டிக்கொள்வார். ‘நெய்தல் வீட்டு நிவேதா’ சீரியலில் மாமியார்க்காரி எந்த எபிசோடில் எந்தப் புடவை கட்டினாள் என்று கேட்டால் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார்.

சீரியல்காரர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது. ஒரே ஒரு தடவை அங்கிருந்து மெயில் வந்தது. ‘அனுமதியில்லாமல் எங்கள் படங்களைப் போடாதீர்கள், மீறினால் நடவடிக்கை எடுப்போம்’ என்று நாலு வரி. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இவர் அதைப் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி பிரேம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். “கம்பெனிக்காரனே நமக்கு எழுதிருக்கான், பாத்தியளா” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றல் வேறு. அவர் மனைவி அல்போன்சா மறுநாளே அதைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

இந்த லட்சணத்தில் மகள் அனிஷாவுக்கு மாப்பிள்ளையும் பார்த்து முடித்தார். மணப்பாட்டுக்காரன், கப்பலில் வேலை. நிச்சயம் முடிந்த மறுவாரமே அவன் போனில் அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டான்: கல்யாணம் ஆனதும் ஆஸ்பத்திரி லேப் வேலையை விட்டுவிட வேண்டும், வீட்டோடு இருக்க வேண்டும். மூன்று வருஷம் படித்து வாங்கிய வேலை அது. அனிஷாவுக்கு அந்த நிமிஷமே கல்யாணம் வேண்டாமென்று ஆகிவிட்டது. அம்மாவிடம் போய் அழுதாள்.

“வாக்குக் குடுத்தது ஒங்கப்பா. அவர்ட்ட சொல்லுளா” என்றாள் அல்போன்சா.

சொல்லத்தான் போனாள். முதல் தடவை, “பொறுளா, சீரியல் புரோமோ விட்டுருக்கான்” என்றார். இரண்டாம் தடவை, சீரியலில் நிவேதாவை மாடியிலிருந்து தள்ளிவிட்ட நாள். அன்று வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. மூன்றாம் தடவை போனைப் பார்த்தபடியே முழுசாகத் தலையாட்டிக் கேட்டார். பாவம், அவளும் நம்பி எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில் அந்தப் பெரிய மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா?

“இது எந்த எபிசோட்ல வருது?”

இந்தக் கடற்கரைக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்று. மூன்று ஓலையும் முடிந்தால் அப்புறம் பந்தக்கால்தான். முதல் ஓலை வாசித்தபோது விக்டர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டாவது வாசித்தபோது பெஞ்சுக்குக் கீழே போனை வைத்து யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

அதே வாரம் சீரியலில் நிவேதாவின் தங்கையை அவள் அப்பா கட்டாயப்படுத்தி ஒரு மரக்கடை முதலாளிக்குக் கட்டிவைக்கப் பார்த்தார். விக்டருக்கு வந்ததே ஆத்திரம்! ‘இவனெல்லாம் ஒரு தகப்பனா?’ என்று தலைப்பு வைத்து மூன்று பக்கம் பொரிந்து தள்ளினார்.

புதன்கிழமை அவருடைய கேள்வி-பதில் பகுதிக்கு ‘முத்துச்சிப்பி’ என்ற பெயரில் ஒரு பெண் எழுதியிருந்தாள். ‘எனக்கும் அதே கதைதான் சார். மாப்பிள்ளை வேலையை விடச் சொல்கிறார். எனக்கு இஷ்டமில்லை. ரெண்டு ஓலை வாசித்தாயிற்று. அப்பாவிடம் சொன்னால் காதில் வாங்க மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?’

வேறொருவனாக இருந்தால் ஒரு நொடியாவது நெஞ்சு திக்கென்றிருக்கும். வீட்டில் கல்யாணப் பெண், ரெண்டு ஓலை முடிந்த பெண், அடுத்த அறையில் இருக்கிறாள்! இவருக்கு அது உறைக்கவே இல்லை. கண் கலங்கிப்போய்ப் பத்தே நிமிஷத்தில் பதில் போட்டார். ‘தங்கச்சி, மூன்றாவது ஓலைக்கு முன்னால் நேரே பங்குச் சாமியாரைப் போய்ப் பார். சம்மதமில்லை என்று தைரியமாகச் சொல். பெற்ற பிள்ளை பேச்சைக் கேட்காதவன் மனுஷனே இல்லை. அவனுக்குப் பயப்படாதே. நிவேதா குடும்பம் உன் பின்னால் நிற்கிறது.’ அதற்கு முந்நூறு பேர் இதயம் போட்டார்கள். ‘அண்ணே, நீங்க தெய்வம்’ என்று மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தாள். அதை அல்போன்சாவிடம் ரெண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

சனிக்கிழமை சாயந்தரம் சாமியார் ஆளனுப்பினார். விக்டரும் அல்போன்சாவும் போனபோது அனிஷா லேப் கோட்டும் கையுமாக அங்கே உட்கார்ந்திருந்தாள்.

“விக்டர், நாளைக்கு ஓலை வாசிக்கலை. பிள்ளைக்குச் சம்மதமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டா” என்றார் சாமியார்.

விக்டர் குதித்தார். “மாப்பிள்ளை வீட்ல எந்த மூஞ்சிய வச்சிட்டு முழிப்பேன் சாமி? இவளுக்கா இவ்வளவு தைரியம்? எவனோ புத்தி சொல்லிக் குடுத்திருக்கான். எவன்ல அது? குடும்பத்தக் கெடுக்க வந்த பய! அவன் மட்டும் என் கையில கெடச்சான்…”

சாமியார் அனிஷா பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்த தாளை அவர் பக்கம் தள்ளினார். ‘தங்கச்சி’ என்று ஆரம்பித்திருந்தது. விக்டர் கடைசி வரி வரை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். காது ரெண்டும் சிவந்துவிட்டது.

“ஏளா…” என்றார்.

“வீட்டுல மூணு தடவ சொன்னேன்பா” என்றாள் அனிஷா. “ஒங்களுக்குக் கேக்கல. அங்கன ஒரே ஒரு தடவதான் கேட்டேன். யாரோ ஒருத்தின்னு நெனச்சதும் எப்படி அக்கறையா எழுதிருக்கிய!”

டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று சாமியாரிடம் சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அல்போன்சா விக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மகளோடு நடந்தாள்.