எனக்காக அப்பா வெச்ச பாயசம்

இன்னிக்குக் காலையில, அப்பாவோட கப்பல்ல வேலை பார்த்த மாமா ஒருத்தர் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினார்.

கரீபியன் தீவு ஒண்ணுல, கடற்கரையோரமா ஒரு சின்ன விடுதி. அங்க தங்கினவங்க பழைய நினைவுகளை எழுதற பக்கம் அது.

கனடாக்கார அம்மா ஒருத்தர் எழுதியிருந்தாங்க. எண்பத்தொன்பதுல கப்பல் பழுதாகி, மெட்ராஸ்காரர் ஒருத்தர் அங்க நாலு நாள் தங்கினாராம். மகள் பிறந்த தந்தி வந்ததும் அழுதாராம். சமையலறைக்குள்ள போய், தேங்காய்ப்பால் பாயசம் வெச்சு எல்லாருக்கும் குடுத்தாராம்.

கீழ போட்டோ. கரண்டியோட நிக்கிறது எங்க அப்பா.

அந்த மகள் நான்தான். பொண்ணுன்னு கேள்விப்பட்டதும் அப்பா ஆறு மாசம் லெட்டரே போடலைன்னு சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தாங்க.

கொரட்டூர்ல ரயிலேறி, நேரா பட்டாபிராம்ல அம்மாவும் அப்பாவும் இருக்கிற வீட்டுக்குப் போய், முதல்ல அம்மாகிட்ட காட்டினேன்.

"உங்கப்பனா? இந்த ஊட்ல சுடுதண்ணி கூட வெச்சதில்லடி அந்தாளு!"

அப்பா கண்ணாடி போட்டுகினு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்புறம் ஏம்பா லெட்டர் போடல?"

"எழுதினேம்மா. எழுத எழுத, வேலைய உட்டுட்டு ஓடி வந்துடணும் போல இருந்துது. கிழிச்சிட்டேன்."

"எத்தினி?" இது அம்மா.

"எண்ணல."

 

இத்தனை வருஷமா நான் யார் மேல கோவமா இருந்தேன்னே இப்பப் புரியல. போடாத லெட்டருக்குக் கோவப்படலாம். எழுதிக் கிழிச்ச லெட்டருக்கு என்ன பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.