அவசரமில்லீங்க

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் தண்ணீர் மோட்டார் கம்பெனியின் சர்வீஸ் செக்‌ஷனுக்கு அடுத்தடுத்து இரண்டு ஃபோன்கள்.

முதலாவது மேட்டுப்பாளையத்திலிருந்து, ஒரு லாட்ஜ் மேனேஜர். பாதி இங்கிலீஷ், பாதி மெட்ராஸ் தமிழ், முழுக்கக் கோபம்.

"என்னம்மா மோட்டார் விக்கிறீங்க? சீசன் டைம்! இன்னிக்கே மெக்கானிக் வந்தாகணும். இல்லேன்னா உங்க எம்.டி.கிட்ட பேசுவேன்!"

இரண்டாவது, பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து. பெயர் சரஸ்வதி. கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

"ஏனுங்க, மோட்டர் ஆபீசுங்களா? நம்ம மோட்டர் ஓடுலீங்க."

"என்ன மாடல்?"

"மூணு எச்.பி.ங்க."

"அவசரமா?"

"அவசரமெல்லாம் இல்லீங்க... உங்களுக்குத் தோதுப்பட்டா ஆளனுப்புங்க. கொஞ்சம் சீக்கிரம்னா நல்லா இருக்கும்ங்க."

என் ரிஜிஸ்டரில் நான்கு கட்டங்கள். பெயர், ஊர், மாடல், அவசரம். நான்காவது கட்டத்தில் லாட்ஜுக்கு '1' போட்டேன். சரஸ்வதிக்கு '3'. மூன்று என்றால் வியாழக்கிழமை.

எதை வைத்துப் போட்டேன்? குரலை வைத்துத்தான். கத்துகிறவருக்கு வேலை நிற்கிறது. 'ங்க' போட்டுப் பேசுகிறவருக்கு நேரம் இருக்கிறது... இப்படி ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இத்தனைக்கும் நானும் அதே ஜில்லாதான், சூலூர்க்காரி. நான்கு வருடம் மெட்ராஸில் ஹாஸ்டல். "உங்க ஊர்ல கொசுவைக்கூட 'போங்க'ன்னுதான் விரட்டுவீங்களாமே?" என்று ஒருத்தி கேட்க, மெஸ்ஸே சிரித்தது. அடுத்த செமஸ்டருக்குள் என் பேச்சிலிருந்து 'ங்க'வைக் கழற்றிவிட்டேன். படித்தவள் மாதிரி இருக்கிறது என்று எனக்கே பெருமை வேறு!

புதன் மத்தியானம் மறுபடியும் சரஸ்வதி.

"நேத்துப் பேசுனனுங்களே... தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. நீங்க வேலையா இருப்பீங்க. சும்மா ஞாபகப்படுத்தலாம்னுதானுங்க..."

கொஞ்சம் தயங்கினார்.

"பக்கத்துத் தோட்டத்துல இருந்து கொடத்துல கொண்டாந்து ஊத்தறமுங்க. இந்த வெயிலுக்குப் பத்தலீங்க. ஒண்ணொண்ணா சாயுதுங்க."

"என்ன சாயுது?"

"கோழிதானுங்க. மொத பேட்ச்சுங்க."

மே மாத வெயில். தகர ஷெட். தண்ணீர் இல்லாமல் முழுதாக ஒரு நாள்.

அப்போதுதான், முதல் நாள் போன லாட்ஜ் வேலையை முடித்துவிட்டு மெக்கானிக் பழனிச்சாமி அண்ணன் உள்ளே வந்தார். டீ கூடக் குடிக்க விடாமல் பல்லடத்துக்குக் கிளப்பினேன்.

"ஏனம்மணி, இத மொதல்ல சொல்லியிருக்கக் கூடாதா? அந்த லாட்ஜுல ரெண்டாவது மோட்டரு ஜோரா ஓடிக்கிட்டுக் கெடக்குது. அந்தாளு வாய்க்குத்தான் நான் போயிட்டு வந்தாப்பல ஆச்சு."

சரஸ்வதியின் மோட்டாரில் ஸ்டார்ட்டர் காயில் போயிருந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் பழனிச்சாமி அண்ணன் போய்ச் சேர்வதற்குள் நாற்பது கோழிகள் செத்திருந்தன.

வியாழன் காலை மூன்றாவது ஃபோன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தண்ணி நல்லா வருதுங்க. மிச்சதெல்லாம் பொழச்சுக்கிச்சுங்க. அந்த அண்ணனுக்குச் சொல்லிப்போடுங்க."

எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, எம்மேலதானுங்க தப்பு. நீங்க சொன்ன அன்னைக்கே அனுப்பியிருக்கோணுமுங்க."

யோசித்துப் பேசவில்லை. வாய் தானாக வீட்டுப் பேச்சுக்குப் போய்விட்டது.

"ஏனுங்க... நீங்க நம்மூருப் புள்ளைங்களா?"

"ஆமாங்க. சூலூர்ங்க."

"அட, அத மொதல்லயே சொல்லக்கூடாதா கண்ணு! நீ வெட்டு வெட்டுன்னு பேசுனியா... மெட்ராஸ்ல இருந்து வந்த பெரிய ஆபீசராட்டம் இருந்துச்சு. அவசரம்னு சொன்னா வைவாங்களோன்னு பயந்துபோட்டேன்."

ஆக, குரலுக்கு மார்க் போட்டது நான் மட்டுமில்லை. அவரும் என் குரலுக்கு மார்க் போட்டிருக்கிறார். ஒரே ஜில்லாவில் பிறந்த இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு தப்பு மார்க்.

இரண்டு தப்பும் சமம்தானே என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. பயந்து பேசியது அவர். ரிஜிஸ்டர் இருந்தது என்னிடம். தப்பான மார்க்குக்கு யார் கோழி செத்தது?

'ங்க' என்பது நிதானத்தின் அடையாளம் இல்லை, அது இங்கே மூச்சு மாதிரி. வீடு பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் தண்ணி ஊத்தறீங்களா?" என்றுதான் கேட்போம். இது எனக்குத் தெரியாததா என்ன? தெரிந்ததை மறந்துவிட்டு வந்து, அதற்குப் படிப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

இந்தத் திங்கட்கிழமை ரிஜிஸ்டரில் 'அவசரம்' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'தண்ணீர் நின்று எத்தனை மணி நேரம்?' என்று எழுதினேன்.

மணிக் கணக்கை மட்டும் இதுவரை யாரும் மரியாதைக்காகக் குறைத்துச் சொல்லவில்லை.