விரிசலில் காது வைத்தவள்

மெல்லிய தகட்டை உருளையாக்கி, அதில் வேண்டுமென்றே ஒரு விரிசலை அறுத்து, மேலிருந்து அழுத்தி, எப்போது நெளிந்து உள்வாங்குகிறது என்று பார்ப்பதுதான் தொண்ணூறுகளில் என் வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகை எங்கள் சோதனைக்கூடம். உறவினர்களுக்கு விளக்கி அலுத்துப்போய், “டப்பா நசுக்குறேன்” என்று முடித்துக்கொள்வேன். ஆனால் அந்த டப்பா பொல்லாதது. எல்லையை நெருங்கிவிட்டால் பக்கவாட்டில் ஒரு விரல் பட்டாலே போதும், வெடிச் சத்தத்தோடு மடங்கும். விரிசலின் விளிம்பு கத்தியாகப் பிதுங்கும்.

ஓர் ஆயுத பூஜையன்று சோதனை பாதியில் இருந்தது. உருளை சுமையைத் தாங்கி நிற்கும்போதே, செய்யூரிலிருந்து வரும் எங்கள் டெக்னீஷியன் மெஷினோடு சேர்த்து அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டார். சுமையை இறக்கச் சொன்னேன்.

“பூஜை போட்டாச்சு மேடம். இனி நாளைக்கித்தான் கைய வெக்கணும். அது பாட்டுக்கு கீது, இன்னா ஆவப் போவுது?”

பிரிவுத் தலைவரும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்சாரத்தை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே பந்தலுக்குப் பொரி சாப்பிடப் போனோம். குடும்பத்தாரை உள்ளே விடும் ஒரே நாள் அது என்பதால் என் ஐந்து வயது மகளும் வந்திருந்தாள்.

உச்சி வெயிலில் அவளைக் காணவில்லை. தேடிக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனேன். காற்றாடி இல்லாமல் உள்ளே அடுப்பாகக் கொதித்தது. சூடேறிய உருளை நீளப் பார்க்கும், மேலும் கீழும் இறுகி நிற்கும் மெஷின் தட்டுகள் விடாது, அழுத்தம் தானாக ஏறும். அங்கே நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது.

அரையிருட்டில் ‘டக்... டக்’ என்று கேட்டது. மகள் உருளையைக் கட்டிக்கொண்டு, விரிசலில் காதை வைத்து நின்றிருந்தாள்.

“அம்மா, உள்ள யாரோ தட்றாங்க,” என்றாள் திரும்பாமல்.

கத்தினால் திடுக்கிட்டுத் தள்ளிவிடுவாள். “கண்ணு, மெதுவா கைய எடுத்துட்டு வா,” என்றேன். கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். அவள் அசையவில்லை. யாரோ பேசுவதற்குப் பதில் போல “ம்... ம்...” கொட்டிக்கொண்டிருந்தாள். தட்டல் விரைந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை.

சட்டென்று சத்தம் நின்றது. அவள் ஒரு கையை எடுத்தாள், பிறகு மறு கையை. அலுங்காமல் பின்வாங்கி என்னிடம் நடந்து வந்தாள். தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் பின்னால் வெடித்தது.

டெக்னீஷியன் ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மாலை அறுந்து கிடந்தது. என் மகளின் காது இருந்த உயரத்தில் தகடு கிழிந்து நீட்டிக்கொண்டிருந்தது.

“நல்ல வேளை, அம்மா சொன்னதும் வந்துட்டியே,” என்று அவள் கன்னத்தைத் தடவினேன்.

“நீ சொன்னது கேக்கவே இல்லம்மா. அவங்கதான் போகச் சொன்னாங்க.”