கடல் பார்க்க ஒரு விடுப்பு

விடுப்பு விதிகளில் கல்யாணம் உண்டு, சாவு உண்டு, சுரம் உண்டு, தீர்த்த யாத்திரை உண்டு. கடல் பார்ப்பது கிடையாது. இதைப் பிறர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை சமஸ்தானக் கச்சேரியில் மற்றவர்களின் விடுப்பு மனுக்களைக் குறை கண்டு திருப்பி அனுப்புவதே என் வேலை.

யுத்த காலம். என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். நார்த்தாமலைப் பக்கத்துப் பெண். பாறையும் ஏரியும் தவிர எதையும் கண்டதில்லை. ஆவணி பிறந்தால் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்றாள். ஏன் இந்த அவசரம் என்றால், எப்போது போகிறோம் என்று திருப்பிக் கேட்பாள். சோறு போடும்போதும் அதே கேள்வி, விளக்கேற்றும்போதும் அதே கேள்வி.

பக்கத்தில் இருப்பது கட்டுமாவடிதான். ஆனால் அங்கே மீன் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. உப்பளத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கோடியக்கரையைச் சொன்னார். காட்டைக் கடந்தால் ஆளே இல்லாத மணல், வழியெல்லாம் மான்கள். இன்று அங்கே சரணாலயம் என்று பலகை நிற்கிறது. அன்று அது அரசாங்கக் காடு. நுழைய அனுமதி வேண்டும். எங்கள் இருவருக்கும் வாங்கினேன். பட்டுக்கோட்டைவரை கரியில் ஓடும் பஸ், அப்புறம் ரயில். ஆனால் சமஸ்தான எல்லையைத் தாண்ட எனக்கு உத்தரவு வரவேண்டும்.

தலைமைக் குமாஸ்தா என் மனுவைப் படித்துவிட்டு, கடல் எங்கேயும் ஓடிப்போகாது என்றார். பிறகு இரக்கப்பட்டு அவரே வழியும் சொன்னார்: ஆடி அமாவாசைக்குக் கடலில் நீராடப் போவதாக எழுத வேண்டும். எழுதினேன். மறுநாளே உத்தரவு வந்தது. அமாவாசைக் கூட்டம் நீராடும் துறையோடு நின்றுவிடும், காட்டுக்கு அப்பால் வராது என்று கணக்குப் போட்டேன்.

குமாஸ்தாவின் மனைவி கோயிலில் என் அம்மாவைப் பார்த்து, உங்கள் மகனுக்கு என்ன பக்தி என்று பாராட்டிவிட்டாள். நான் வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"ஏன்டா, புள்ளத்தாச்சி புருசன் கடல்ல முழுகலாமா? இதுகூடத் தெரியாத ஒனக்கா சம்பளம் குடுக்குறாக?"

முழுகினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து விதி. எல்லா விதியும் அறிந்தவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை. முழுகாவிட்டால் வாங்கிய விடுப்பு பொய். முழுகினால் வீட்டில் இருக்க முடியாது. பயணமே வேண்டாம் என்று அம்மா முடித்துவிட்டாள். கூடத்துக்கும் கிணற்றடிக்குமாக நடந்து தீர்த்தேன்.

மறுநாள் காலை அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி, தலை நிமிராமல் அம்மாவிடம் சொன்னாள்:

"எங்கக்காளும் கடலப் பாக்கணும்னுதான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, அத்தை. புள்ள பொறக்கட்டும், அப்பறம் போகலாம்னாக."

அந்த அக்கா பிரசவத்தில் போனவள். அது எனக்குத் தெரியும். இந்தக் கடலை அதோடு சேர்த்து நான் நினைத்ததில்லை.

அம்மா முறத்தை வாங்கித் தானே புடைக்கத் தொடங்கினாள். அரிசி தீர்ந்ததும், குடும்பத்தில் ஒருவர் முழுகினால் கச்சேரிக்குப் போதாதா என்று என்னைக் கேட்டாள். விதியில் தடை இல்லை என்றேன்.

"அப்ப ஒனக்குப் பதிலா நான் முழுகுறேன். நீ தண்ணிப் பக்கமே போகாத. அவ கையப் புடிச்சுக்கிட்டுக் கரையில நில்லு."

ஆளில்லாத கடற்கரைக்கு மூன்றாவது ஆளுக்கும் அனுமதி கேட்டு எழுத உட்கார்ந்தேன். அலை எவ்வளவு உயரம் வரும் என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். அவளும் கடலைப் பார்த்ததில்லை.