பாதியில் விட்ட தாள்

எனக்கு இடது காது கேட்காது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். சேர்ந்த மூன்றாம் நாளே அக்கா தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் வரிசையில் மூத்தவள், அதனால் எல்லோருக்கும் அக்கா. அது இருமல் மருந்துத் தொழிற்சாலை. வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே தூசியோ முடியோ தெரிந்தால் எடுத்துப் போட வேண்டும். அக்கா கை நீட்டினால் வீண்போகாது. பேச்சில்தான் மந்தம். "தூங்குமூஞ்சிய இன்னைக்குக் கூப்பிட்டா நாளைக்குத் திரும்பிப் பாக்கும்" என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

புது மேலாளர் வந்தார். புத்தியும் கவனமும் உள்ளவர்களுக்குத்தான் இனி இந்த வேலை என்று பரீட்சை வைத்தார். தோற்றவர்கள் பாட்டில் கழுவப் போக வேண்டும், நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற வேலை. அக்காவுக்கோ காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வீங்கும். அன்று காலை அவளுக்காக வேண்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினோம். ஒரே மாதிரிப் படங்களைத் தேடி வட்டம் போட வேண்டும். நான் குனிந்த தலை நிமிரவில்லை. பாதியில் அக்கா பென்சிலை வைத்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து வெளியே போனவள், மணி அடித்த பிறகுதான் திரும்பினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய மோட்டாரின் சத்தம் மாறியதாம். அக்கா போய்ச் சொல்லி மெக்கானிக் அண்ணன் திறந்து பார்த்தால், பெல்ட் உரசிக் கருகத் தொடங்கியிருந்தது. அவர் மேலாளரிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். மேலாளர் தாளைத்தான் பார்த்தார். அரை மணி நேரம் கவனம் நிற்காதவளை எப்படி நம்புவது என்று கேட்டாராம். எதுவுமே காதில் விழாத நான் தேறிவிட்டேன். ஆண்டவன் முன்னால் நிற்கும்போது இன்றும் கூசுகிறது.

ஆறு வருடம் அவள் ஈரத்தில் நின்றாள். மதிய இடைவேளையில் காலைப் பலகைமேல் நீட்டிக்கொண்டு, அன்று கேட்டதையெல்லாம் எனக்குச் சொல்வாள். வேன் டிரைவருக்கு வீட்டில் சண்டை, கதவைச் சாத்துகிற விதமே சொல்கிறது என்பாள். கணக்குப்பிள்ளை செருப்பில் ஆணி கழன்றிருக்கிறது என்பாள். போய்ப் பார்த்தால் இருக்கும். அந்த மதியங்கள் இனி எனக்கு எங்கே கிடைக்கும்?

கால் முடியாமல் வேலையை விட்டு, மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். பேருந்து நிலையத்தில், இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்குத் தாளை முடிச்சிட்டே போயிருக்கலாமேக்கா?"

வழக்கம்போல் தாமதித்துத்தான் பதில் வந்தது.

"காதுல விழுந்துடுச்சேம்மா. அப்புறம் எப்படி விழாத மாதிரி உக்காந்து வட்டம் போடுறது?"