பத்திய அறைக்கு ஒரு சூட்டுப் பெட்டி

பிள்ளை பெற்றவள் மேல் மின்விசிறிக் காற்று படக்கூடாது என்பது என் அம்மாவின் சட்டம். லகாட் ஊரில் எங்கள் வீட்டின் பின்னறையில், காதில் பஞ்சும் வயிற்றில் கட்டுமாக நான் வெந்துகொண்டிருந்தேன். வெளியே கொளுத்தும் வெயில். அது போதாதென்று அம்மா கட்டிலோரம் கரிச்சட்டி வேறு வைத்தார். மகள் பிறந்த சந்தோஷமெல்லாம் நிறையவே இருந்தது. ஆனால் அப்போது எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் காற்று மட்டும்தான்.

கரிப்புகை குழந்தைக்கு ஆகாதே என்று கணவருக்குக் கவலை. மாமியாரிடம் அதைச் சொல்லும் தைரியம் மட்டும் இல்லை. பனி கொட்டும் ஏதோ ஊர்க்காரர் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, மாமாக் சாப்பாட்டுக் கடையிலிருந்து காலி பான டின்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். அடியை வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்புச் சாயம் அடித்து, கண்ணாடி மூடிய பெட்டிக்குள் அடுக்கி வெளிச்சுவரில் மாட்டினார். வெயிலில் டின்கள் காய்ந்து, உள்ளே சூடாகும் காற்று குழாய் வழியாக என் அறைக்கு வருமாம். அதைத் தள்ளிவிட, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய குட்டி விசிறி.

"பொகையே இல்லாத சூடு, அத்த," என்றார்.

அம்மாவுக்கு மாப்பிள்ளை மேல் முதன்முறையாக மரியாதை வந்தது. எனக்கு அழுகை வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இந்த வெயில்ல வீட்டுக்கு சூடு ஏத்துறாரா? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு சொல்லி விடவா லா?"

கரிச்சட்டி வெளியே போனது. மறுநாள் மதியம், வறுபடத் தயாராகப் படுத்திருந்தேன். சூடு வரவில்லை. கதவிடுக்கு வழியாகச் சமையலறைப் பக்கத்து நிழல்காற்று சிலுசிலுவென்று வந்து காலைத் தடவியது. எழுந்து குழாய் வாயில் கை வைத்தேன். அது உறிஞ்சிக்கொண்டிருந்தது! மனுஷன் விசிறியைத் திருப்பி மாட்டியிருக்கிறார். அறையின் புழுக்கமெல்லாம் பெட்டி வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

நான் மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன். "எப்படி இருக்கு?" என்று கணவர் கேட்டால், "ரொம்ப நல்லா இருக்கு" என்பேன். அதில் பொய்யில்லை. சூடு சரியாக ஏறுகிறதா என்று பார்க்க வந்த அம்மா, தினமும் மதியம் அங்கேயே பாய் விரித்துக் குறட்டை விட்டார்.

ஒரு நாள் கணவரும் குழாயில் கை வைத்துப் பார்த்துவிட்டார். முகம் தொங்கிப்போனது.

"ஐயோ, திருப்பி மாட்டிட்டேன். இரு, இப்பவே சரி பண்ணிடுறேன்," என்று ஸ்குரூ டிரைவரோடு வந்தார்.

அம்மா பாயில் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"அத ஏன் மாப்ள நோண்டுறீங்க?"

"காத்து வெளிய போவுது அத்த."

"காத்தாடிக் காத்து மேல படத்தான் கூடாது. இது வெளியதான போவுது?"

"அப்ப சூடு..."

அம்மா மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

"இவளப் பெத்துட்டு தோட்டத்து லயத்து வீட்ல நான் வெந்தது போதும். போய் வேலயப் பாருங்க."