தண்ணி குடிச்சுத் தீர்த்த நேர்த்தி

மலத்தோட ரத்தம் போறதைக் கண்டும் நான் வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லல்ல. வாவியில வலை போடுறவன், லேசில பயப்பட மாட்டன். ஆனா என்ட அண்ணர் குடல் புற்றுநோயிலதான் போனவர். அந்த நினைப்பில சோறு இறங்கல்ல. நான் உடுத்த சாரத்தைத் துவைக்கக்குள்ள என்ட மனிசி ரத்தக்கறையைக் கண்டுபிடிச்சி, ஏசி ஏசியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா.

குடலுக்குள்ள கமரா விட்டுப் பார்க்க வேணும் எண்டார் டொக்டர். அதுக்கு முதல் நாள் சாப்பாடு இல்லை, மருந்துத் தூளைத் தண்ணியில கரைச்சுக் குடிக்க வேணும், வெறுந் தண்ணியும் நிறையக் குடிக்க வேணும் எண்டு சொல்லித்தான் விட்டவர். என்ட காதில விழுந்தது சாப்பாடு இல்லை எண்டது மட்டும்தான். அப்பிடியெண்டா எங்களுக்கு விரதம்தானே! கந்தசஷ்டிக்கு எச்சிலும் விழுங்காத ஆள் நான். நேரே கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய், தாயே, அண்ணருக்கு வந்த புற்றுநோய் வருத்தம் எனக்கு வேணாம், சோதினை முடியுமட்டும் பச்சத்தண்ணி பல்லில படாது எண்டு நேர்ந்துபோட்டு வந்தன்.

வீட்டில மனிசி மருந்தைக் கரைச்சி வச்சிட்டு நிக்கிறா. நேர்த்தியைச் சொன்னன். ஏசுவா எண்டு பார்த்தா, அழுதுபோட்டா. மறுகா சொன்னா:

"இஞ்சாருங்க, கோபத்தில எரிஞ்சு வந்த அம்மனையே நாம தண்ணி தெளிச்சுத்தானே குளிர்த்தி செய்யிறம். நீங்க காய்ஞ்சு கிடந்தா அவவுக்கு என்ன சந்தோசம்?"

அம்மனை நினைச்சுக்கொண்டு முதல் கோப்பையை எடுத்தன். அம்மாடி, அந்த உப்பு ருசி! குடிக்கக் குடிக்கத் "தாயே" எண்டன், எண்டுபோட்டுக் கக்கூசுக்கு ஓடினன். மனிசி சிரிப்பை அடக்க ஏலாமக் குசினிக்குள்ள போயிட்டா.

அடுத்த நாள் ஊசி போட்டது மட்டும்தான் ஞாபகம். முழிக்கக்குள்ள டொக்டர் பக்கத்தில நிக்கிறார். குடல் சுத்தமாக் கிடந்தபடியாத்தான் மடிப்புக்குள்ள இருந்த சின்னச் சதை வளர்ச்சி கண்ணில பட்டது, வெட்டி எடுத்தாச்சு எண்டார். அண்டைக்கு வயிறு கமராவோட உள்ள அடிச்ச காத்தில ஊதிக் கிடந்தது. மனிசி தந்த கஞ்சி அமிர்தம்தான். பிறகு வெட்டின சதையைச் சோதிச்ச முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. விட்டிருந்தா ஒரு காலத்தில அப்பிடி மாறியிருக்கலாம் எண்டார். ஆஸ்பத்திரி வாங்கிலிலயே குந்தியிருந்து அழுதன்.

கேட்ட வரத்தை அம்மன் தந்தா. என்ட மடத்தனமான நேர்த்தியை மனிசியிட வாயால மாத்திப்போட்டுத்தான் தந்தா. முந்தி மனிசி கதைச்சா காது குடுக்காதவன், இப்ப குடுக்கிறன். இந்த முறை கோயில் குளிர்த்திக்கு ரெண்டு பேரும் ஒண்டா நிண்டு, அம்மனுக்குத் தெளிச்ச தண்ணியைத் தலையில வாங்கினம்.

வெக்கத்தில வருத்தத்தை மறைச்சுக்கொண்டு இருக்கிறவங்க உங்களுக்குள்ளயும் இருப்பீங்க. அம்மனிட்டச் சொல்லுங்க, வீட்டிலயும் சொல்லுங்க. டொக்டர் குடிக்கச் சொன்னா நல்லாக் குடியுங்க. தாய் பார்த்துக்கொள்ளுவா.